குழாயின் கடைசி முனை

பிப்ரவரி 3, திங்கள்

இல்லை, குழாய்களின் மேல் ஆசைப்பட்டு வரவில்லை. தத்துவத்தில் எம்.ஏ. முடித்தவளை யார் வேலைக்கு எடுத்தார்களோ அங்கே வந்தேன். எடுத்தவர்கள் கிராமங்களுக்கு எரிவாயுக் குழாய் பதிப்பவர்கள். என் பதவிக்குப் பெயர் மக்கள் தொடர்பு அலுவலர். வேலை, வீடு வீடாகப் போய் "வெடிக்காது" என்று சொல்வது.

இரண்டு மாதமாகச் சொல்கிறேன். மேலச்சாலிப்பட்டியில் எழுபத்திரண்டு வீடுகள். எழுபத்திரண்டு சமையலறைகளையும் பார்த்தாகிவிட்டது. ஒரு ஊரை அடுப்படி வழியாகத் தெரிந்துகொள்வது விசித்திரமானது. மனிதர்களின் முகம் மறந்துபோகிறது, அஞ்சறைப்பெட்டி நினைவிருக்கிறது.

பெரியவீட்டில் மோர் குடித்தேன். கிழக்குத் தெருவில் டீ கொடுத்தார்கள். வயிறு சரியில்லை, குடிக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

வரைபடம் வந்தது. ஆசீர் சார் அதைப் பைக் சீட்டின் மேல் விரித்தார். சார் எங்கள் தள எஞ்சினியர். தூத்துக்குடிக்காரர். இருபது வருடமாகக் குழாயோடு குடித்தனம்.

சிவப்புக் கோடு நெடுஞ்சாலையிலிருந்து வருகிறது. மூன்று தெருக்களைச் சுற்றி, கடைசியாகப் பெரியவீட்டைத் தொட்டு, கோயில் முக்கில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வெள்ளைத் தாள். கிழக்குத் தெருவின் பத்தொன்பது வீடுகளும் அந்த வெள்ளையில்தான் இருக்கின்றன.

"ஏன் சார் இங்கேயே நிக்குது?"

"அதுக்கு அந்தப் பக்கம் அறுபது மீட்டர் பட்டா நிலம். பெரியவீட்டு ஐயாவோட களம். அவர் கையெழுத்து வேணும். ஓடையைச் சுத்திப் போனா பாலத்துக்கு அனுமதி வாங்கவே ஒரு வருஷம். நமக்கு மார்ச்சோட வேலை முடிஞ்சுது."

"கையெழுத்து கேட்டாங்களா?"

"யார் கேக்குறது? மக்கள் தொடர்பு நானா மேடம்?"

ஆக, ஒரு கையெழுத்து. கிடைத்தால் பத்தொன்பது அடுப்புகள். கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

கிழக்குத் தெருவின் கடைசி வீடு முத்துப்பேச்சி அக்காவுடையது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பணியாரம் போட்டு விற்கிறார். நான் போனபோது சைக்கிள் கேரியரில் சிலிண்டரைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். சிலிண்டர் வண்டி கோயில் முக்கு வரைதான் வருமாம்.

"ஏன்க்கா, இங்க ரோடு நல்லாத்தானே இருக்கு?"

"ரோடு நல்லாத்தான் இருக்கு. வண்டிக்கு என்ன கண்ணு தெரியலையோ என்னமோ." சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "உங்க குழாயும் அந்த முக்கு வரைக்கும்தானாமே, மேடம்? வண்டிகிட்ட வழி கேட்டுட்டு வந்ததாக்கும்?"

வரைபடத்தை யார் காட்டினார்களோ. நான் காட்டவில்லை.

பணியாரம் நீட்டினார். நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தரை பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கையெழுத்து கிடைத்துவிட்டது!

பெரியவீட்டு வெங்கடசுப்பு ஐயா முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். தலைவர் பதவி போய்விட்டது, தலைவரின் நாற்காலி வீட்டில் இருக்கிறது. அதில் உட்கார்ந்து படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"களத்துல தோண்டிக்கிடுங்க பாப்பா. எனக்கு ஒண்ணுமில்ல. ஒரே ஒரு விஷயம். இந்த ஊருக்கு மொதல்ல கரண்டு வந்தது எங்க வீட்டுல. மொத போன் எங்க வீட்டுல. மொத குழாய் கேஸும் எங்க வீட்டுலதான் எரியணும்."

"கண்டிப்பா ஐயா."

"எழுதித் தாரியா?"

எழுதிக் கொடுத்தேன். 'மேலச்சாலிப்பட்டியில் குழாய் வாயு முதலில் தங்கள் இல்லத்தில் ஏற்றப்படும்.' கீழே என் கையெழுத்து. அவர் மனைவி சுந்தரவல்லி அம்மா உளுந்தங்களி கொடுத்தார். இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

களத்தில் தோண்டுகிறார்கள். கரிசல் மண் காய்ந்து பாறையாகக் கிடக்கிறது, கடப்பாரை பட்டால் மணி அடிப்பதுபோல் சத்தம். ஒரு மீட்டர் ஆழம். அடியில் மணல் மெத்தை, அதன் மேல் ஆரஞ்சு நிறக் குழாய், மறுபடி மணல், அப்புறம் எச்சரிக்கை நாடா, அப்புறம் மண். குழந்தையைத் தூங்க வைப்பதுபோல ஒவ்வொன்றாகப் போர்த்துகிறார்கள்.

கிழக்குத் தெருப் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். "எங்க கல்யாண ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்ல" என்றார் முத்துப்பேச்சி அக்கா.

மகிழ்ச்சி. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கிடைத்துவிட்டது, வேறு சொல். முட்டாள்தனம்.

மதியம் ஆசீர் சாரோடு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பெரியவீட்டு வாக்குறுதியைப் பெருமையாகச் சொன்னேன். சார் டிபன் பாக்ஸை மூடினார்.

"எழுதியா குடுத்தீங்க?"

"ஆமா."

"குழாய்க்குள்ள இப்ப என்ன இருக்கு மேடம்?"

"ஒண்ணும் இல்ல."

"காத்து இருக்கு. கேஸ் உள்ள வந்து அந்தக் காத்தைத் தள்ளிக்கிட்டே போகணும். கடைசி முனையைத் திறந்துவிட்டாத்தான் காத்து வெளிய போகும். நடுவுல காத்தும் கேஸும் கலந்து நிக்கிறப்போ அடுப்பைப் பத்த வச்சா என்ன ஆகும்னு நீங்களே வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்கீங்க. அதனால கடைசி முனை சுத்தமாகணும், கடைசி வீட்டு அடுப்பு மொதல்ல எரியணும். அங்கிருந்து ஒவ்வொரு வீடாப் பின்னால வரணும். எந்த ஊர்லயும் நான் இப்படித்தான் செய்வேன்."

கடைசி வீடு முத்துப்பேச்சி அக்காவுடையது. களத்துக்கு இந்தப் பக்கம் பெரியவீடு. வரிசையில் இருபதாவது.

"அவர் கோபப்பட்டா?"

"கேஸ் ஏத்துற நாள் வரைக்கும் அவர் ஒப்புதலைத் திரும்ப வாங்கலாம். படிவத்துல அஞ்சாவது வரி. நீங்க படிக்கலையா?"

படிக்கவில்லை. புத்தகங்களின் அடிக்குறிப்புவரை படிப்பவள், ஒரு பக்கப் படிவத்தின் ஐந்தாவது வரியைப் படிக்கவில்லை. அவர் ஒப்புதலைத் திரும்ப வாங்கினால் கோயில் முக்கில் மூடி போட்டுவிடுவார்கள். பத்தொன்பது வீடுகளும் மறுபடி வெள்ளைத் தாள்.

பிப்ரவரி 22, சனி

பெரியவீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

போகவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

போனேன். ஐயா இல்லை. நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 26, புதன்

குழாய்ச் சோதனை முடிந்தது. காற்றை அழுத்தி அடைத்து ஒரு நாள் முழுக்க விட்டிருந்தார்கள். அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. ஓட்டை இல்லை. அடைத்த காற்றை வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். "கொஞ்சம் சத்தம் வரும், சொல்லிடுங்க" என்றார் சார். சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது தெரு வருவதற்குள் எங்கள் வேலையாள் தம்பி ஒருவன் வால்வைத் திறந்துவிட்டான்.

விமானம் தரையிறங்குகிற சத்தம். கோழிகள் கூரையேறின. ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் ஓடியது. சலூனில் பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஒருவர் வெளியே வந்து நின்றார். பெரியவீட்டு நாற்காலி வாசலில் கவிழ்ந்து கிடந்தது, ஐயாவைக் காணவில்லை.

"வெறும் காத்துதான்! வெறும் காத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"காத்துக்கே இந்தச் சத்தம்னா கேஸுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கிழக்குத் தெருவில் முத்துப்பேச்சி அக்கா மட்டும் அசையாமல் மாவாட்டிக்கொண்டிருந்தார். கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

அதிசயம். பெரியவீட்டிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"யோசிச்சுப் பார்த்தேன் பாப்பா," என்றார் ஐயா. "எப்பவும் நாமளே முன்னால நிக்கிறதும் நல்லா இல்ல. காலம் மாறிப்போச்சு. மொத மரியாதையைக் கிழக்குத் தெருவுக்கே குடுத்திடுங்க."

உள்ளேயிருந்து சுந்தரவல்லி அம்மாவின் குரல். "அங்க ரெண்டு நாள் எரியட்டும். ஒண்ணும் ஆகலைன்னா நமக்குப் போட்டுக்கிடலாம்."

அந்தக் குரலைக் கேட்காதவள்போல் இருந்தேன். என் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. ஆசீர் சாரிடம் சொன்னதும், "உங்களுக்கு நல்ல நேரம்" என்றார்.

மார்ச் 1, சனி

தானாக எதுவும் சரியாவதில்லை.

முத்துப்பேச்சி அக்காவிடம் ஓடினேன். "அக்கா, ஊர்லயே மொத அடுப்பு உங்களோடதுதான்! பெரியவீட்டு ஐயாவே விட்டுக் குடுத்துட்டார்!"

அவர் பணியாரக் கல்லைத் துலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்னைக்கு விட்டுக் குடுத்தார்?"

"நேத்து."

"புதன்கிழமை சத்தம் வந்துச்சுல்ல. அதுக்கு அப்புறமா?"

தலையாட்டினேன்.

"பெருமையா இருந்தவரைக்கும் அவுக வீட்டுல. பயமானதும் எங்க வீட்டுல. வெடிச்சா நாங்க வெடிக்கணும், எரிஞ்சா அவுக குடுத்த மரியாதை. அப்படித்தானே?"

"வெடிக்காதுக்கா. சத்தியமா."

"வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும். நீதான் மூணு மாசமாச் சொல்லுதியே. எனக்கு வேண்டாம் மேடம். சைக்கிள் இருக்கு, தள்ளிக்கிடுதேன்."

அவர் வேண்டாம் என்றால் கடைசி முனை மூடிதான். அவருக்குப் பின்னால் பதினெட்டு வீடுகள். அவர் சொன்னால்தான் அவர்களும் போடுவார்கள். கெஞ்சினேன். திரும்ப நடக்கும்போது அவர் கூப்பிட்டார்.

"பிள்ள. இன்னொண்ணு. நீ இந்த வாசல்ல எத்தனை தடவை நின்னிருப்ப? ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருக்கியா?"

மார்ச் 2, ஞாயிறு

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். டிசம்பரிலிருந்து. கிழக்குத் தெருவில் எனக்கு வயிறு சரியில்லாத நாட்கள் நான்கு. நேரமில்லாத நாட்கள் ஐந்து. பெரியவீட்டில் மோர் ஆறு முறை, உளுந்தங்களி ஒரு முறை.

யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அதாவது, சொற்களால் சொல்லித் தந்ததில்லை. கல்லூரியில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

துணி துவைத்தேன். நான்கு பக்கெட்.

மார்ச் 3, திங்கள்

காலையில் முதல் பஸ். நேரே கடைசி வீட்டுக்குப் போய், "தண்ணி குடுங்கக்கா" என்றேன். குரல் நாடகத்தில் பேசுவதுபோல் வந்தது. அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

"தண்ணி குடிச்சுக் காட்ட வந்தியாக்கும்?"

"ஆமா."

சிரித்துவிட்டார். செம்பைத் தந்தார். லேசாக உப்பு. குடித்தேன். பதக்கம் எதுவும் குத்தப்படவில்லை. அவர் மாவு கரைக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், கையெழுத்து, நான் எழுதிக் கொடுத்த வாக்குறுதி, ஐந்தாவது வரி. காற்றைத் தள்ளுவதற்காகக் கடைசி முனையில் தொடங்குவதுதான் எல்லா ஊரிலும் முறை என்பதையும்.

அவர் கரண்டியை வைத்துவிட்டார். "அப்போ யாரும் விட்டுக் குடுக்கலை. குழாய்க்கே அதுதான் வழி."

"ஆமாக்கா."

"அதை ஏன் பிள்ள மொதல்லயே சொல்லலை?"

"பயம்."

"அதைக் கோயில் முக்குல எழுதி ஒட்டு. வரிசை நம்பர் போட்டு, எல்லார் பேரும் போட்டு, ஏன் அந்த வரிசைன்னு காரணமும் போட்டு. எனக்கு யாரோ குடுத்ததுன்னும் இருக்கக்கூடாது, என்னை வச்சுச் சோதிச்சதுன்னும் இருக்கக்கூடாது. கீழ உன் கையெழுத்து. ஒட்டு. அப்ப போடுதேன் அடுப்பை."

மார்ச் 4, செவ்வாய்

எழுதினேன். நான்கு முறை கிழித்தேன். என் வாழ்வில் இவ்வளவு எளிய வாக்கியம் எழுத இவ்வளவு நேரம் ஆனதில்லை.

'குழாயில் உள்ள காற்று கடைசி முனை வழியாகத்தான் வெளியேறும். ஆகவே கடைசி வீட்டில் தொடங்கிப் பின்னோக்கி வருவதே முறை. இது யாரும் யாருக்கும் அளித்த மரியாதை அல்ல. முன்பு வேறு விதமாக எழுதிக் கொடுத்தது என் தவறு.' கீழே எழுபத்திரண்டு பெயர்கள். ஒன்று, முத்துப்பேச்சி. இருபது, வெங்கடசுப்பு.

சாயங்காலம் ஒட்டினேன். பசை கையெல்லாம்.

மார்ச் 5, புதன்

ஏழு மணிக்கே கோயில் முக்கில் கூட்டம். ஐயா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சத்தமாக. 'மரியாதை அல்ல' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"இருபதா?"

"ஆமாங்கய்யா."

"நான் பெருந்தன்மையா விட்டுக் குடுத்தேன். நீ என்னை இருபதாவது ஆளாக்கி ஊர் பூரா படிக்கும்படி ஒட்டியிருக்க."

"நீங்க இருபதாவதுதான் ஐயா. நான் ஆக்கலை. களம் அங்க இருக்கு."

விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினேன்.

"அந்தப் படிவத்தைக் கொண்டா. கையெழுத்தைத் திரும்ப வாங்குதேன். என் களத்துல குழாய் கிடையாது."

கிழக்குத் தெருக்காரர்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி அக்கா என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தார்.

ஆசீர் சார் பைக்கை நிறுத்தி இறங்கினார். "வாங்கிக்கிடுங்க ஐயா, உங்க உரிமை. நாங்க முக்குல மூடி போட்டு, முழு லைனையும் மறுபடி சோதிக்கணும். ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஊர்ல யாருக்கும் கேஸ் இல்ல."

"ஆகட்டும். எனக்குச் சிலிண்டர் இருக்கு."

"சிலிண்டர் இருக்கு, அடுப்பு இல்லையே. நேத்து அடுப்புல கேஸ் வர்ற முனையை, அதான் நாசிலை, மாத்துற பையன்க வந்தப்போ, மொதல்ல எங்க வீட்டுலதான் மாத்தணும்னு கூப்பிட்டுப் போனீங்களாம். இனி அந்த அடுப்பு குழாய் கேஸுக்குத்தான். சிலிண்டரை மாட்டினா தீ எவ்வளவு உசரம் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் சுந்தரவல்லி அம்மா கூட்டத்துக்குள் வந்தார். காலையிலிருந்து காபி போட முடியாதவரின் முகம்.

"ஒரு மாசமா? நல்லது. களத்துல மூணு கல்லைக் கூட்டி நீங்களே பொங்கிக்கிடுங்க. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"ஏ வல்லி, மரியாதை..."

"இருபதுன்னா என்ன? எனக்கு முன்னாடி பத்தொன்பது வீட்டுல எரியும். நான் பயப்படாமப் பத்த வைப்பேன். மொதல் நம்பர்ல வேர்த்து வடியுறதுக்கு இது தேவலை."

சலூன்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அந்தக் கடைசி வரி," என்றார் என்னிடம். "உன் தவறுன்னு எழுதியிருக்கியே. அதுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதியிருக்கலாம்."

படிவத்தைக் கேட்காமல் வீட்டுக்குப் போனார்.

மார்ச் 7, வெள்ளி

இன்று.

எட்டரை மணி. கிழக்குத் தெருவின் கடைசியில், வீடுகளை விட்டுத் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புக் குழாய் நட்டிருந்தார்கள். அதன் வழியே காற்று போனது. வெகுநேரம் வெறும் காற்று. அப்புறம் அந்த வாசனை, அழுகிய முட்டைபோல. ஊரே மூக்கைப் பொத்தியது. ஆசீர் சார் மட்டும் மல்லிகையை முகர்வதுபோல நின்றார். கையிலிருந்த கருவியைப் பார்த்து, "வந்துட்டா" என்றார்.

முத்துப்பேச்சி அக்காவின் அடுப்படியில் பன்னிரண்டு பேர். பொட்டு வைத்த அடுப்பு. மேலே பால். ஆசீர் சார் கவலையானார்.

"பால் பொங்கட்டும்மா. ஆனா வழிய விடாதீங்க. வழிஞ்சா தீ அணையும், கேஸ் மட்டும் வந்துக்கிட்டே இருக்கும்."

"வழியாம எப்படிங்க பொங்குறது?" என்றது ஒரு குரல்.

"இன்னும் எழுபத்தோரு வீட்டுல இதே பஞ்சாயத்தா?" என்று சார் தலையில் கை வைத்தார்.

முடிவில் ஒரு ஒப்பந்தம். பெரிய பாத்திரம், கொஞ்சம் பால். விளிம்புவரை எழும்பும்போது அக்கா அடுப்புத் திருகை மூடுவார். ஊரே எட்டிப் பார்க்கும். அதைப் பொங்கியதாக எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா லைட்டரைத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டலில் நீலம். சின்னச் சின்னதாக, வட்டமாக, சத்தமே இல்லாமல்.

"இவ்வளவுதானா?" என்றார் அக்கா. ஏமாற்றம்போல்தான் சொன்னார். ஆனால் கையை எடுக்கவில்லை. திருகின் மேலேயே வைத்திருந்தார்.

பால் எழும்பியது. அணைத்தார். குலவை. வழியவில்லை. ஆசீர் சார் தம் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

வாசலில் சுந்தரவல்லி அம்மா நின்றிருந்தார். தனியாக. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கல்யாணமாகி வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறதாம், இந்தத் தெருவுக்குள் வந்ததில்லையாம். அவரே சொன்னார், வழி தவறி வந்தவர்போல.

"தீ எப்படி எரியுதுன்னு பாக்கலாமா?"

"பாருங்க," என்றார் அக்கா. "காசா பணமா."

குனிந்து பார்த்தார். அணைக்கச் சொன்னார், மறுபடி பற்ற வைக்கச் சொன்னார். பெரிய தீ, சின்ன தீ. காய்கறி வாங்குவதுபோல் சோதித்தார். அக்காவும் ஒவ்வொன்றையும் செய்து காட்டினார், இருபது வருடம் இந்த அடுப்பிலேயே சமைத்தவர்போல.

"இட்லிக்கு ஆவி பத்துமா?"

"பணியாரத்துக்கே பத்தும்னு நினைக்கேன். இருந்து ஒண்ணு தின்னு பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

சுந்தரவல்லி அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரிலிருந்த கேஸ் மீட்டரைப் பார்த்தேன். பிறகு அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

நான்கு பணியாரம் சாப்பிட்டார். வெல்லம் கொஞ்சம் தூக்கலாம் என்றார். அக்கா, "உங்க வீட்டுல நீங்க குறைச்சுப் போட்டுக்கிடுங்க" என்றார்.

அப்போது ஐயாவின் ஆள் வந்து, பெரியவீட்டுக்கு எப்போது ஏற்றுவார்கள் என்று கேட்டான். ஐயா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். நான் பட்டியலைத் தேடுவதற்குள் சுந்தரவல்லி அம்மா கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வரிசையில இருக்கோம்னு சொல்லு."

பட்டியலில் ஒன்றாம் எண்ணுக்கு எதிரே நேரம் குறித்தேன்: 9.25. கசிவு பார்க்கும் சோப்புத் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு இரண்டாவது வீட்டுக்குப் போனேன்.